ஐஸ் ஹவுஸில் ஓர் ஐஸ் பெட்டி

திருவல்லிக்கேணிப் பக்கம் பஸ்ஸில் வந்திருப்பவர்களுக்குத் தெரியும். விசிலுக்கும் கொட்டாவிக்கும் நடுவே கண்டக்டர், “ஐஸவுஸ், ஐஸவுஸ்... எறங்கு, எறங்கு!” என்று ஒரு குரல் கொடுப்பார். பத்துப் பேர் இறங்குவார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தராவது, “எங்கப்பா ஐஸு?” என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

ஐஸ் இருந்தது. நிஜமாகவே இருந்தது.

மெரினாவுக்கு எதிரே முகப்பு வட்டமாக, பார்த்தால் பெரிய பிறந்த நாள் கேக் மாதிரி நிற்கிறதே, விவேகானந்தர் இல்லம்... அதை 1842-ல் கட்டியதே ஐஸ் வைப்பதற்குத்தான். கட்டியவர் ஃப்ரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க ஆசாமி. ஊரில் குளிர்காலத்தில் ஏரி குளமெல்லாம் உறைந்துபோகும். நாமாக இருந்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்போம். அவர் அந்தக் குளத்தைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றிவிட்டார். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, கிட்டத்தட்ட நாலு மாசம் கடலில் வரவேண்டும். வழியில் கரைந்தது போக மிச்சம் மெட்ராஸில் இறங்கும். துரைமார்கள் தங்கள் கிளாஸில் போட்டுக்கொள்வார்கள்.

பிற்பாடு மெஷினில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டார்கள். டியூடர் ஆரம்பித்த பிஸினஸ் கரைந்துபோனது. கட்டடம் கை மாறியது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். பெயரும் மாறிவிட்டது. ஆனால் பஸ் ஸ்டாப்பும் போலீஸ் ஸ்டேஷனும் கண்டக்டரும் இன்னும் ஐஸைவிடவில்லை.

அந்த ஐஸ் ஹவுஸிலிருந்து பொடிநடையாக வரும் தூரத்தில், ஒரு சந்துக்குள், ஒரு மொட்டை மாடியில் இன்னொரு ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. 165 லிட்டர். சிங்கிள் டோர். செகண்ட்ஹேண்ட். உரிமையாளர் அடியேன்.

அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

திருவல்லிக்கேணி அண்டாவில் சமைக்கிற ஊர். மீசை வைத்த பெருமாள் குடியிருக்கும் பார்த்தசாரதி கோயிலில் மடப்பள்ளி. புளியோதரை, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் அங்கே படி, மரக்கால் கணக்கு. அந்தப் பக்கம் திருவல்லிக்கேணி ஹை ரோட்டில் 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி. ரம்ஜான் மாசத்தில் அங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு, மயிலாப்பூரிலிருந்து சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்திக்காரர்கள் சைவச் சாப்பாடு சமைத்துக்கொண்டுவந்து, தாங்களே பரிமாறுகிறார்கள். பல வருஷ வழக்கம். இரண்டுக்கும் நடுவே 1948-லிருந்து ரத்னா கஃபே. இட்லி மேல் சாம்பாரை ஊற்றுவார்கள் என்று சொல்லக்கூடாது. சாம்பாரில் இட்லியை மிதக்க விடுவார்கள். சந்துக்குச் சந்து மெஸ். எல்லா இடத்திலும் நூறு பேர், ஆயிரம் பேர் கணக்கு.

இப்படிப்பட்ட ஊரில், ஒரே ஓர் ஆளுக்குச் சமைக்கவேண்டும் என்று ஆரம்பித்தேன் பாருங்கள். அதுதான் கஷ்டகாலம்.

முதல் ஆறு வருஷம் மேன்ஷனில் இருந்தேன். பத்துக்குப் பத்து ரூமில் மூன்று கட்டில். நடுவில் ஒரு கொடியில் மூன்று பேர் லுங்கி. சமைக்கக் கூடாது என்று மானேஜர் எழுதி ஒட்டியிருப்பார். வெந்நீர் போடுகிற ஹீட்டரை பக்கெட்டுக்குள் விட்டு அதிலேயே முட்டை வேக வைத்தான் ஒரு ரூம்மேட். முட்டை வெந்தது, ஃபியூஸும் போனது. மூன்று மாடியும் இருட்டு. அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து அவனையும் கொஞ்சம் வேக வைத்தோம்.

எனவே மூன்று வேளையும் வெளியே. மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டேன். என் உடம்பில் ஓடுவது பாதி அந்த ரசம்தான். ஆனால் ஆறு வருஷம் அடுத்தவர் காரத்தில் ஓடினால் வயிறு மனு கொடுக்க ஆரம்பிக்கும். கொடுத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப சமைக்கக் கத்துக்கோங்க” என்றார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2021-ல் இந்த மொட்டை மாடிக்கு வந்தேன். மாடியில் இரண்டு ரூம். ஒன்று எனக்கு. பக்கத்து ரூமில் ஒரு பெரியவர், தனி ஆள். பல்லவன் காலத்தில் கண்டக்டராகச் சேர்ந்து ரிட்டயரானவர். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

அஞ்சு கிலோ சிலிண்டர், ஒற்றை பர்னர், ஒரு குக்கர் எல்லாம் வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஜாம் பஜார் மார்க்கெட்டுக்குப் போனேன். பாரதி சாலை வழியாகப் போகவேண்டும். பழைய பேர் பைகிராப்ட்ஸ் ரோடு. முருங்கைக்காய்க்காரம்மாவிடம் ஒரே ஒரு காய் கேட்டேன்.

“இன்னா சார், ஒண்ணா? வீட்டுக்காரம்மா ஊருக்குப் போயிருக்கா?”

“இனிமேதான் வரணும்.”

“அப்ப இன்னும் அரையா நறுக்கித் தரட்டா?”

சுற்றிலும் இருந்த நாலு கடையும் சிரித்தது.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. இந்த உலகத்தில் எதுவுமே ஓர் ஆளுக்கு விளைவதில்லை. தேங்காய் ஓர் ஆளுக்குக் காய்ப்பதில்லை. பூசணிக்காய் கல்யாணக் கூட்டத்தை மனசில் வைத்துக்கொண்டே பிறக்கிறது. அரைக் கரண்டி சாம்பார் வைக்கிற வித்தையை யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. ஒருவேளைக்கு என்று நான் வைத்த சாம்பார் மூன்று நாளைக்கு வந்தது. முதல் நாள் சாம்பார், இரண்டாம் நாள் குழம்பு, மூன்றாம் நாள் தண்டனை. நாலாம் நாள் மறுபடி மெஸ்.

ஊருக்கு போன் பண்ணி அம்மாவிடம் புலம்பினேன்.

“பழசைத் திங்காதடா, உடம்புக்கு ஆகாது” என்றாள். சொல்லிவிட்டு, “இரு, பழைய சோறு ஊற வச்சேன், ரெண்டு வாய் சாப்ட்டு வந்து பேசறேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்தால், மொத்தமாகச் சமைத்து வைத்துக்கொள்வது நமக்குப் புதுசில்லை. மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றினால் பழையது. கல்யாண வீட்டில் மிஞ்சின குழம்பு, கூட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சுண்டவைத்தால் சுண்டக்கறி. புளிக்காய்ச்சலைக் கிளறி ஜாடியில் போட்டால் பத்து நாளைக்குக் கவலையில்லை. வத்தல், வடாம், ஊறுகாய் எல்லாம் இந்த ஜாதிதான். உப்பு, புளி, எண்ணெய், வெயில் இவைதான் நம் பாட்டிகளின் ஃப்ரிட்ஜ். அதில் ஐஸ் மட்டும் கிடையாது. கடையில் வாங்கவேண்டியிருந்தது.

வாங்கினேன். 4,500 ரூபாய். ஏற்றிவந்த மீன்பாடி வண்டிக்கும் மாடி ஏற்றியதற்கும் 300. ஆக 4,800. ஃப்ரிட்ஜ் மாடியேறும்போது பெரியவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

“எதுக்கு தம்பி இது? பீர் வைக்கவா?”

“இல்ல சார். சாம்பார் வைக்க.”

“சாம்பாரை அடுப்புலதானே வைப்பாங்க?”

ஒரு வாரச் சாப்பாட்டை ஞாயிற்றுக்கிழமையே சமைத்து ஐஸில் வைத்துவிடப் போகிறேன் என்று விளக்கினேன். அவர் முகம் செல்லாத நோட்டைப் பார்த்த கண்டக்டர் முகமாயிற்று.

“ஆறின கஞ்சி பழங்கஞ்சிம்பாங்க. நீ என்னடான்னா உறைஞ்ச கஞ்சி குடிக்கப் போறே!”

அவருக்கு மூன்று வேளையும் தெருமுனை ஓட்டலில் கணக்கு. இட்லி, சாப்பாடு, சப்பாத்தி. சர்க்கரை வியாதிக்காரர். வேளாவேளைக்கு மாத்திரை.

நான் படித்தது பி.காம். ஓர் ஆளுக்குச் சமைப்பது ஏன் முடியவில்லை என்று கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தபோது ஒரு வழி தெரிந்தது. ஓர் ஆளுக்கு ஏன் சமைக்கவேண்டும்? திங்கட்கிழமை நான் ஓர் ஆள். செவ்வாய்க்கிழமை நான் இன்னோர் ஆள். இப்படி சனிக்கிழமை வரை ஆறு பேர். ஆளுக்கு இரண்டு வேளை. ஆகப் பன்னிரண்டு சாப்பாடு. பன்னிரண்டு சாப்பாடு என்றால் அது குடும்பம் சார்! முருங்கைக்காயைக் கட்டாகவே வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை ‘நான்’ சமையல்காரன். மற்ற ஆறு பேரும் உட்கார்ந்து தின்கிற மாப்பிள்ளைகள்.

சொல்வது சுலபம். முதல் இரண்டு வாரச் சமையல் தெரு நாய்க்குப் போனது. அதுவும் உருளைக்கிழங்கை ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிட்டது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இலவசமாகவே சொல்லிவிடுகிறேன்.

உருளைக்கிழங்கு உறையக் கூடாது. உறைந்து இளகினால் ஈர மணல். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பர் செருப்பாகிவிடும். தயிர் திரிந்து தண்ணீர் வேறு, கட்டி வேறாகப் பிரிந்து நிற்கும். வெண்டைக்காயைப் பற்றிப் பேசவே வேண்டாம். முருங்கைக்காயும் கத்திரிக்காயும் குழைந்துவிடும். எனவே சாம்பாரில் பருப்பு, புளி, வெங்காயம், தக்காளி மட்டும் போட்டு உறைய வைத்துவிட்டு, காயை அன்றன்றைக்குச் சூடு பண்ணும்போது வேக வைத்துச் சேர்க்கவேண்டும். தாளிப்பதும் அப்போதுதான். ஃப்ரீஸரிலிருந்து வந்த குழம்பு தூங்கி எழுந்த முகம் மாதிரி இருக்கும். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் முகம் கழுவிப் பவுடர் போட்ட மாதிரி.

சமர்த்தாக உறைந்து சமர்த்தாக எழுகிற பிள்ளைகள் என்றால் கொண்டைக்கடலை, ராஜ்மா, பருப்பு, கீரைக் கடைசல், தக்காளித் தொக்கு. துருவின தேங்காயைப் பொட்டலம் கட்டி வைக்கலாம். புளியைக் கெட்டியாகக் கரைத்து ஐஸ் டிரேயில் ஊற்றினால் கட்டி கட்டியாகப் புளி. ரசத்துக்கு இரண்டு கட்டி. மறதியாக ஜூஸில் போட்டுவிடக் கூடாது. நான் போட்டிருக்கிறேன்.

டப்பா சின்னதாக, தட்டையாக இருக்கவேண்டும். சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். விளிம்பு வரை ஊற்றக்கூடாது. தண்ணீர் உறைந்தால் சுமார் ஒன்பது சதவிகிதம் பெருக்கும். மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். சுடச்சுட உள்ளே வைத்தால் பக்கத்து டப்பாவெல்லாம் இளகும். அதற்காக நாள் முழுக்க வெளியே வைத்து ஆறவிடுவதும் ஆபத்து. பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் வைத்து, ஃபேனைப் போட்டு, சீக்கிரம் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளிவிடவேண்டும். முக்கியமாகச் சோறு. கொதியிலும் சாகாத கிருமி விதைகள் அரிசியில் இருக்கலாம். சோறு வெளியே வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து விஷத்தைக் கக்கிவிடும். மறுபடி சுடவைத்தாலும் அந்த விஷம் போகாது. அதனால் நான் குழம்பைத்தான் உறைய வைப்பேன். சோற்றை உழக்கு அரிசியில் அன்றன்றைக்கு வடித்துக்கொள்வேன்.

நாளைக்கு வேண்டியதை இன்று ராத்திரியே ஃப்ரீஸரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி வைக்கவேண்டும். சாப்பிடும்போது வெதுவெதுப்பாக இல்லாமல் தளதளவென்று கொதிக்கவேண்டும். ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்கக்கூடாது. இதெல்லாம் விதிகள்.

டப்பா மேல் தேதி எழுதி ஒட்டவேண்டும். முதலில் வந்தது முதலில் போகவேண்டும். காலேஜில் இதை ஸ்டாக் வேல்யுவேஷன் என்ற தலைப்பில் ‘ஃபிஃபோ’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று வருஷப் படிப்பில் எனக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான். லைஃபோ போட்டால் அடியில் இருப்பது டியூடர் காலத்து ஐஸாகிவிடும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அது 2022. வெளியே சாப்பிட்டால் இரண்டு சாப்பாடு 200, டிபன் 50, காபி 30. நாளைக்கு 280. வாரத்துக்கு 1,960 ரூபாய். வீட்டில் அரிசி, பருப்பு, காய், எண்ணெய், பால், தயிர், கேஸ் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 750. மிச்சம் 1,210. நாலு வாரத்தில் ஃப்ரிட்ஜ் போட்ட காசை எடுத்துவிடவேண்டும். எடுக்க ஆறு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரம் நாய்க்குச் செய்த தர்மம்.

நம்மை மாதிரி பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு செக் எப்போது வரும் என்று ஜோசியனுக்கும் தெரியாது. மாசக் கடைசியில் பர்ஸ் காலியாக இருந்தாலும் ஃப்ரீஸரில் பன்னிரண்டு டப்பா இருக்கிறது என்றால் ராத்திரி தூக்கம் வரும். அனுபவித்துப் பாருங்கள்.

ஒரு குறை உண்டு. சொல்லாவிட்டால் பொய். ஆறு மாப்பிள்ளைகளும் தனித்தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள். மெஸ்ஸில் சாப்பாடு சுமாராக இருந்தாலும் எதிரே ஒரு முகம் இருக்கும். “அந்த ஊறுகாயை இப்படித் தள்ளுங்க” என்று சொல்லவாவது ஓர் ஆள். இங்கே தட்டும் நானும் சுவரும். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர். அவர் ரேடியோ சத்தம் எனக்குக் கேட்கும். என் குக்கர் விசில் அவருக்குக் கேட்கும். வாசலில் பார்த்தால், “என்ன தம்பி, இன்னிக்கு என்ன தேதி சாம்பார்?” என்பார். “போன ஞாயித்துக்கிழமை சார்” என்பேன். முடிந்தது எங்கள் போக்குவரத்து. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். சென்னைக்காரர்களுக்கு ஞாபகமிருக்கும்.

எச்சரிக்கை வந்ததால் சனிக்கிழமையே ஜாம் பஜார் போய் வந்துவிட்டேன். ஞாயிறு மூன்றாம் தேதி மழை சத்தத்தில் சமையல். சாம்பார் நாலு, கடலைக் குழம்பு நாலு, கீரை இரண்டு, தொக்கு இரண்டு. பன்னிரண்டு டப்பாவும் ராத்திரிக்குள் கல்லாக உறைந்துவிட்டன. ‘வாடா புயலே’ என்று தூங்கினேன்.

திங்கள் விடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரு இல்லை, கால்வாய். முழங்கால் தண்ணீர். ஒரு கடை திறக்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. காற்று தண்ணீர்த் தொட்டி மூடியைக் கழற்றிக்கொண்டு போனது.

கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூடாது. திறந்த ஒவ்வொரு தடவையும் குளிர் வெளியே ஓடும். அது தெரியும். எனவே பகலில் பிரெட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு அதன் எதிரிலேயே காவல் உட்கார்ந்திருந்தேன். நிரம்பின பெரிய ஃப்ரீஸர் என்றால் இரண்டு நாள்கூடத் தாங்கும். என்னுடையது செகண்ட்ஹேண்ட் சிங்கிள் டோர். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடியிலிருந்து தரையில் தண்ணீர் கோடு போட்டது.

திறந்தேன். ஓரத்து டப்பாக்கள் இளகிவிட்டன. நடுவில் இருந்தவை பாதி கல், பாதி குழம்பு. மறுபடி உறைய வைக்கக் கரண்ட் இல்லை. வைத்திருந்தால் ராத்திரிக்குள் கெட்டுவிடும். பன்னிரண்டு சாப்பாடு. இருப்பதோ ஒரே ஒரு மாப்பிள்ளை.

கொட்ட மனசு வரவில்லை. 750 ரூபாய் சார். நிஜத்தைச் சொன்னால், தர்ம சிந்தனை ஒன்றும் இல்லை. கணக்கு நோட்டில் ‘நஷ்டம்’ என்று எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் பக்கத்து ரூம் கதவைத் தட்டினேன்.

பதில் இல்லை. மறுபடி தட்டினேன். தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளினேன்.

டார்ச் வெளிச்சத்தில் பெரியவர் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். டிசம்பர் மழைக் குளிரில் சட்டை தொப்பலாக வேர்த்திருந்தது. கை நடுங்கியது. “சார்” என்றேன். என்னைப் பார்த்தார், யார் என்று தெரியாத மாதிரி. “டிக்கெட்... டிக்கெட்” என்று ஏதோ குழறினார். தலைமாட்டில் மாத்திரை அட்டை. பக்கத்தில் காலி பிஸ்கட் பொட்டலம்.

எங்கப்பாவுக்கும் சர்க்கரை வியாதி இருந்தது. அதனால் பார்த்ததும் புரிந்தது. காலையில் வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார். ஓட்டல் திறக்கவில்லை. நாலு பிஸ்கட்டோடு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை தடாலென்று இறங்கிவிட்டது. ஆளைத் தூக்கி உட்கார வைத்தேன். விழுங்க முடிந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம். என் வாழ்க்கையில் மிக நீளமான கால் மணி நேரம் அதுதான். வெளியே காற்று. உள்ளே நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

நடுக்கம் மெல்ல நின்றது. கண்ணில் வெளிச்சம் வந்தது.

“நீயா தம்பி?” என்றார். அப்புறம், “பசிக்குது” என்றார்.

“வாயைத் தொறந்து ஒரு குரல் குடுத்திருக்கலாமே சார்? சுவருக்கு இந்தப் பக்கம்தானே இருக்கேன்!”

“உன் சாப்பாட்டைக் கிண்டல் பண்ணிட்டு எந்த மூஞ்சியோட கேக்கறது?”

எனக்குப் பதில் வரவில்லை. பாதி உறைந்த கடலைக் குழம்பை வாணலியில் கவிழ்த்துக் கொதிக்க விட்டேன். கேஸ் இருந்தது. சோறு வடித்தேன். தட்டில் போட்டுக் கொடுத்ததும் அவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். மிச்சம் பதினொரு டப்பா.

கீழ் மாடியில் அஸ்ஸாமிலிருந்து வந்து ஓட்டலில் வேலை செய்யும் மூன்று பையன்கள். தரைத் தளத்தில் தண்ணீர் புகுந்ததால், இஸ்திரி போடுகிற தம்பதியும் அவர்கள் குழந்தையும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும் கூப்பிட்டேன். பையன்களில் ஒருத்தன் வெங்காயம் நறுக்கினான். ஓட்டல் கை, மிஷின் மாதிரி ஓடியது. இஸ்திரிக்கார அம்மா, “தள்ளுங்கண்ணே, நான் தாளிக்கிறேன்” என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எட்டுப் பேர். தட்டு போதாமல் டப்பா மூடியிலெல்லாம் சாப்பிட்டார்கள். திங்கட்கிழமை நான் முதல் சனிக்கிழமை நான் வரை ஆறு பேருக்கு வைத்ததை எட்டுப் பேர் ஒரே ராத்திரியில் காலி பண்ணிவிட்டோம். “அண்ணா, தால் பஹுத் அச்சா” என்றான் ஒரு பையன். என் சாம்பாரை ஒரு மனுஷன் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை சாப்பிட்டது நானும் நாயும்தானே!

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். எனக்கு மட்டும் அளவாகச் சமைத்திருந்தால், ஒரு டப்பா தின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். அந்தக் கதவைத் தட்டியிருக்கமாட்டேன். மிஞ்சினதால்தான் தட்டினேன். கணக்கு நோட்டில் நஷ்டம் என்று எழுதப் பயந்ததை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பி.காம். சிலபஸில் இல்லை.

பால் பாக்கெட்டுக்கு அலைந்து, தண்ணீர் வடிந்து, ஒரு வழியாகக் கரண்ட் வந்து ஊர் பழையபடி ஆயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பருப்பு களைந்துகொண்டிருந்தபோது பெரியவர் வந்து நின்றார். கையில் இரண்டு எவர்சில்வர் டப்பா. மூடியில் பெயர் வெட்டியிருந்தது. அவர் பெயரில்லை. காலமான அவர் மனைவியின் பெயர். வாங்கிக்கொண்டேன்.

“இதுல எனக்கும் வச்சுடு. உப்பு கம்மியா. தண்ணியா வைக்காதே.”

“சார், ஃப்ரீஸர்ல வச்ச சாப்பாடு...”

“தெரியும் தெரியும். உறைஞ்ச கஞ்சி. டிக்கெட் எவ்ளோ?”

“நாப்பது ரூபா.”

“சில்லறையா வச்சுக்கோ. மீதி எறங்கும்போது வாங்கிக்கறேன்.”

காசு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். முப்பது வருஷம் ஓசிப் பயணத்தை அனுமதிக்காத மனுஷன், தானும் ஓசியில் ஏறமாட்டாராம். வாரத்துக்கு அரைக் கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து வேறு தருகிறார். உரித்தவர்களுக்குத் தெரியும், அது நாற்பது ரூபாயைவிடப் பெரிய தொகை.

இப்போதெல்லாம் ஜாம் பஜாரில் முருங்கைக்காய்க்காரம்மா கிண்டல் பண்ணுவதில்லை. கட்டாக எடுத்து நீட்டுகிறார். “வீட்டுக்காரம்மா வந்துட்டாங்களா சார்?” என்று ஒருநாள் கேட்டார். “இல்லம்மா, ஒரு கண்டக்டர் வந்திருக்கார்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒரு காய் கூடப் போட்டார்.

மாசம் ஒருமுறை அம்மா போனில் கேட்பாள், “இன்னும் அந்தப் பழசைத்தான் திங்கிறியா?” என்று. “ஆமாம்மா. ஆனா இப்ப ரெண்டு பேர் திங்கிறோம்” என்பேன். “அப்ப சரி” என்பாள். ஏன் சரி என்று சொல்லமாட்டாள்.

ராத்திரி எட்டு மணி. தாளிக்கிற வாசனை சுவர் தாண்டியிருக்கும் போல. கதவில் தட்டுகிற சத்தம். விசில் இல்லாத குறைதான். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“ஐஸவுஸ், ஐஸவுஸ்... எறக்கு, எறக்கு!”

எழுந்துபோய் அடுப்பிலிருந்து குழம்பை இறக்குகிறேன்.